மூன்றாம் நிலையின் குரல்

லிஃப்ட் மெக்கானிக்கின் குரலை அவருடைய மனைவியைவிட அதிகமாகக் கேட்டவர்கள் ஒரு கூடம் நிறைய இருந்தார்கள். ஒருவரும் சொந்தமில்லை, சிநேகிதமில்லை. எல்லாரும் இரண்டாம் மொழித் தேர்வு நிலையத்தில் பேச்சுத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள். மனைவி பாதியைக் கேட்டுக்கொண்டு மீதியைத் தையல் மெஷின் சத்தத்தில் விட்டுவிடுவாள். தேர்வாளர்கள் அப்படியில்லை. அவர் எச்சில் விழுங்குகிற இடம்கூட அவர்களுக்கு மனப்பாடம்.

வீட்டுக்குள் ஒரு மொழி, வேலைக்கு இன்னொரு மொழி என்று பிழைக்கிறவர்கள் நிறைந்த ஊர். வேலைக்கான மொழியை நிலையத்தில் இரண்டாம் மொழி என்பார்கள். மற்றவர்களுக்கு அது ஆபீஸ் மொழி. அதில் ஒன்றிலிருந்து ஐந்துவரை நிலைகள் வைத்திருந்தார்கள். ஒன்று என்றால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். மூன்று என்றால் எப்படியாவது சமாளிப்பார். நான்கு என்றால் நம்பி நாற்காலியில் உட்காரவைக்கலாம். ஐந்து வாங்கியவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவார்கள்.

மெக்கானிக் முதன்முதலில் தேர்வுக்குப் போனது மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம். கம்பெனி எல்லா மெக்கானிக்குகளையும் கூட்டமாக அனுப்பியிருந்தது. சின்ன அறை, மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு தேர்வாளர்கள், நடுவில் பேச்சைப் பதிவு செய்கிற கருவி. "உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். மற்றவர்களெல்லாம் கடற்கரை, பூங்கா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இவர் லிஃப்ட் பெட்டியின் கூரையைச் சொன்னார். அங்கே நின்று வேலை பார்த்தால் யார் முகமும் தெரியாது, எல்லார் பேச்சும் கேட்கும். மேல்மாடிக்காரர் இறங்கி வரும்போது கீழ்மாடிக்காரரைத் திட்டிக்கொண்டே வருவார், கீழ்மாடியில் கதவு திறந்து அந்த ஆளே உள்ளே வந்தால் "சாப்பிட்டாச்சா?" என்பார். இதைச் சொல்ல மெக்கானிக் வார்த்தை தேடி நின்றார், ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் போட்டுவிட்டு வேறு பக்கமாகச் சுற்றி வந்து முடித்தார். மூன்று கிடைத்தது. நியாயமான மூன்று.

நியாயம் மட்டுமில்லை, அபூர்வமும்கூட. பேச்சுக்கு மதிப்பெண் போடுவது காய்கறி நிறுக்கிற மாதிரி இல்லை. ஒரே பேச்சுக்கு ஒருவர் இரண்டு போடுவார், இன்னொருவர் நான்கு போடுவார், நடுவில் டீ ஆறிப்போகும். அந்த வருஷம் சரிபார்ப்புக்காக மெக்கானிக்கின் பதிவைக் கேட்ட மூத்த தேர்வாளர்கள் ஐந்து பேரும், ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்காமலே, மூன்று என்று எழுதியிருந்தார்கள். தலைமைத் தேர்வாளருக்கே நம்ப முடியவில்லை. உடனே மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பி அனுமதி கேட்டார். இந்தப் பதிவை மூன்றாம் நிலைக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா? புதுத் தேர்வாளர்களுக்குப் பயிற்சியில் போட்டுக் காட்டுவோம். பழையவர்களுக்கும் வருஷத்துக்கு ஒரு முறை போட்டுக் காதைச் சரிபார்ப்போம். பெயர் சொல்லமாட்டோம்.

மெக்கானிக் பெருமையோடு வீட்டுக்கு வந்தார்.

"என் பேச்சை அங்க பாடமா வைக்கறாங்க."

"எப்படிப் பேசக்கூடாதுன்னா?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"மூணுன்னா எப்படி இருக்கணும்னு காட்டறதுக்கு. கூடவும் இல்லையாம், குறையவும் இல்லையாம். கச்சிதமா மூணாம்."

"இது எனக்குக் கல்யாணமான புதுசுலயே தெரியும். என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேன்."

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. நிலையத்தில் மெக்கானிக்கின் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. தேர்வாளர்கள் ஓய்வறையில் யாராவது தயங்கித் தயங்கிப் பேசினால் "என்ன, லிஃப்டுக்கு மேல நிக்கறீங்களா?" என்று கேலி செய்கிற அளவுக்கு அந்தப் பேச்சு அங்கே ஊறிப்போயிருந்தது. இது எதுவும் மெக்கானிக்குக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு வேலை பார்த்தார். மாலை வகுப்புக்குப் போனார். கட்டட மேலாளர்களோடு போனில் ஆபீஸ் மொழியில் சண்டை போட்டார், சமாதானம் பேசினார், ஒரு தடவை ஒருவரைச் சிரிக்கவும் வைத்தார். எந்த மொழியிலும் அதுதான் கஷ்டம். கம்பெனி மேலாளரே "உன் பேச்சு நல்லா வந்திருக்கே" என்று சொன்னதுண்டு.

பேச்சு வந்தது, முழங்கால் போயிற்று. மோட்டார் அறைக்கு ஏணி ஏறி, லிஃப்டுக்கு அடியிலிருக்கிற குழியில் இறங்கி, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே ஏணி, படி எதுவும் ஏறக்கூடாது" என்றார்.

"டாக்டர், நான் லிஃப்ட் மெக்கானிக்."

"நல்லதாப் போச்சு. லிஃப்ட்லயே போங்க."

"அது ஓடலேன்னாதான் டாக்டர் என்னைக் கூப்பிடுவாங்க."

கம்பெனியில் ஏணி ஏறாத வேலை ஒன்றே ஒன்று இருந்தது. ஆய்வு மேற்பார்வையாளர். கட்டடம் கட்டடமாகப் போய், மற்றவர்கள் ஏறிப் பார்த்துச் சொல்வதைக் கேட்டு, அறிக்கை எழுதுகிற வேலை. அந்த நாற்காலியில் இருந்தவர் வருஷக் கடைசியில் ஓய்வுபெறப் போகிறார். மேலாளர் மெக்கானிக்கை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "உனக்குத்தான். ஆனா நாலு வேணும். நாலு இல்லாம அந்த நாற்காலில யாரையும் உக்கார வைக்கக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. வாங்கிட்டு வந்துடு. இல்லேன்னா உன் காலை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது, சொல்லு?" கடைசி வாக்கியத்தை அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அதில் கம்பெனியின் வாசல் கதவு தெரிந்தது.

மெக்கானிக் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போனார். வாயைத் திறந்து வணக்கம் சொன்னதும் இரண்டு தேர்வாளர்களின் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. ரொம்ப நாளாக ரேடியோவில் மட்டும் கேட்ட ஆளை நேரில் பார்க்கிற வெளிச்சம். ஒருவர் எழுந்து நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார். மரியாதை என்று இவர் நினைத்துக்கொண்டார். தனியாக வாழ்வது நல்லதா, கூட்டமாக வாழ்வது நல்லதா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் பேசினார். ஒரு பக்கத்தை எடுத்தார். எடுத்ததற்குக் காரணம் சொன்னார். வெளியே வரும்போது ஒரு தேர்வாளர் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களை நேர்ல பாத்ததுல ரொம்ப சந்தோஷம்" என்றார்.

முடிவு வந்தது. மூன்று.

வீட்டில் இதற்கு ஒரு மருத்துவர் தயாராக இருந்தார். மனைவியின் தம்பி. பார்சல் ஆபீசில் குமாஸ்தா. அவன் ஆபீஸ் மொழி பேசினால் லாரியைப் பின்னால் எடுக்கிற மாதிரி இருக்கும். சத்தம்தான் அதிகம், எங்கே இடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் தடவையே நான்கு வாங்கினவன்.

"மாமா, நீங்க யோசிச்சுப் பேசறீங்க. அதான் தப்பு. நான் யோசிக்கறதே இல்ல."

"அது தெரியுதுடா."

"கிண்டல் பண்ணாதீங்க. வேகம் வேணும் மாமா. அவங்க தப்பு கண்டுபிடிக்கறதுக்குள்ள நாம அடுத்த தப்புக்குப் போயிடணும்."

"உங்க அக்கா சமையல் மாதிரி."

"நான் இங்கதான் இருக்கேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அடுத்த தடவை வேகமாகப் பேசினார். மூன்று. அதற்கடுத்த தடவைக்குள் மச்சானுக்கு இன்னொரு யோசனை வந்துவிட்டது. "உங்க குரல்ல கம்பீரம் இல்ல மாமா. மேலதிகாரி மாதிரி அடித்தொண்டையில பேசிப் பாருங்க." மெக்கானிக் இரண்டு வாரம் குளியலறையில் அடித்தொண்டையில் பேசிப் பழகினார். உறவுக்காரர் யாராவது வந்து தங்கியிருக்கிறார்களா என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார். தேர்வன்று குரலைப் பிடித்து வைத்துக்கொண்டதில் பேச்சு கையை விட்டுப் போயிற்று. இடையில் இருமல் வேறு. தேர்வாளர்கள் இந்த முறை யாரோ புது ஆள் என்றே கேட்டார்கள். இரண்டு போட்டார்கள்.

இரண்டு வாங்கிக்கொண்டு வந்த வாரம் மச்சான் வீட்டுப் பக்கமே தலை காட்டவில்லை. மனைவிதான் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இன்னும் ஒரு தடவை போங்க. உங்க சொந்தக் குரல்லயே போங்க. என்னதான் ஆகும், மூணுதானே?" என்றாள். போனார். ஆற அமர, தன் குரலில், தன் வேகத்தில் பேசினார். வேலை இடத்தில் ஒரு தவறு நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார்கள்; அது அவருக்குத் தெரிந்த சமாசாரம். பேசி முடித்ததும் தனக்கே நிறைவாக இருந்தது. தேர்வாளர்கள் இருவரும் சிநேகமாகச் சிரித்து, மூன்று போட்டு அனுப்பினார்கள். வருஷம் முடிய அதிக நாள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் போன் செய்தாள். தேர்வாளர்கள் எப்படி ஒரு மதிப்பெண்ணுக்கு வந்து சேர்கிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. பதிவுகளைப் போட்டுவிட்டு, கேட்கக் கேட்க மனதில் என்ன ஓடுகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று தேர்வாளர்களை உட்காரவைத்திருக்கிறாள். மெக்கானிக்கின் கடைசித் தேர்வுப் பதிவையும் போடலாமா என்று முன்பே கேட்டிருந்தாள். அவரும் சரி என்றிருந்தார். இப்போது நேரில் வந்து பேச வேண்டும் என்றாள். வந்தாள். செருப்பை வாசலில் விடுவதற்கு முன்பே அவள் முகத்தில் புதையல் எடுத்தவளின் சந்தோஷம்.

"சார், உங்க பதிவு ஆரம்பிச்சு ரெண்டாவது வாக்கியம் வர்றதுக்குள்ள எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஆ, நம்ம மூணு!' ஒருத்தர் விடாம!"

மெக்கானிக்குக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். மூன்று என்றால் என்ன என்பதைத் தேர்வாளர்கள் எல்லாரும் இவருடைய பழைய பதிவைக் கேட்டுத்தான் கற்றிருக்கிறார்கள். மற்றவர்கள் பேசினால், இவர் பேச்சுக்கு மேலா கீழா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இவரே வந்து பேசினால், எதற்கு மேல், எதற்குக் கீழ்? அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. நேர்மையாகக் காது கொடுத்துத்தான் கேட்கிறார்கள். காதில் மூன்றுதான் விழுகிறது.

"ஒரு இடத்துல நீங்க கொஞ்சம் நிறுத்தினீங்க பாருங்க, அதைத் திணறல்னு சொன்னாங்க. அப்புறம் நான் என்ன செஞ்சேன்னா, நீங்க பேசினதை அப்படியே எழுதி, எங்க பெரியப்பா பையனைப் பேச வச்சேன். அவர் கணக்கர். அதே வார்த்தை, அதே நிறுத்தம். அதே தேர்வாளர்கள் அவருக்கு நாலு குடுத்தாங்க சார். ஒருத்தர் அஞ்சு!"

மெக்கானிக் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப இவருக்கு நாலுன்னு எழுதிக் குடுத்துடும்மா" என்றாள் மனைவி.

"நான் மார்க் போட முடியாதுக்கா. நான் ஆராய்ச்சி மட்டும்தான்."

"அப்ப நோய் என்னன்னு நீ சொல்லுவே, மருந்துக்கு அடுத்த ரூமுக்குப் போகணும்."

"அப்படித்தான் வச்சுக்கோங்க" என்று அவள் சிரித்தாள். பிறகு இது வெளிவந்தால் துறையில் பெரிதாகப் பேசப்படும் என்றும், சாரின் பெயரைப் போடாமல் 'பங்கேற்பாளர்' என்றுதான் குறிப்பிடப்போவதாகவும் சொல்லிவிட்டு, டீயைக் குடித்தாள்.

மருந்துக்கு மெக்கானிக்கும் ஆராய்ச்சிப் பெண்ணும் அடுத்த அறைக்குப் போனார்கள். தலைமைத் தேர்வாளர் மரியாதைக்காரர். ஆராய்ச்சிப் பெண் காட்டியதையெல்லாம் முழுக்கப் பார்த்தார். நடந்தது தவறு என்று ஒத்துக்கொள்ளவும் தயங்கவில்லை. தயக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"உங்களுக்கு மதிப்பெண் போடணும்னா பயிற்சி பெற்ற தேர்வாளர் வேணும். பயிற்சி பெற்றவங்க எல்லாரும் உங்க குரலைக் கேட்டுத்தான் பயிற்சி பெற்றாங்க. உங்களைக் கேக்காதவங்க தேர்வாளரா இருக்க முடியாது. தேர்வாளரா இருக்கறவங்க உங்களைக் கேக்காம இருந்திருக்க முடியாது."

"வெளியூர்ல?" என்றார் மெக்கானிக்.

"மாதிரி எல்லா ஊருக்கும் நாங்கதான் அனுப்பறோம்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

"அந்தக் கணக்கருக்குப் போட்ட நாலு, சார்?" என்றாள் ஆராய்ச்சிப் பெண்.

"அவர் தேர்வுக்குப் பணம் கட்டலையேம்மா. கட்டியிருந்தா அந்த நாலை அவருக்குக் குடுத்திருக்கலாம்."

மெக்கானிக் படியிறங்கி வந்தார். நிலையத்தில் லிஃப்ட் இருந்தது; பழுது பார்க்க ஆள் வரவில்லை என்று பலகை தொங்கியது. வேறு கம்பெனியின் லிஃப்ட்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தைக்க வர்றவங்க அளவுக்குன்னு ஒரு சட்டை குடுத்துட்டுப் போறாங்க. ஆளு பெருத்துட்டா நாங்க வேற சட்டை கேப்போம். இவங்க ஆளை இளைக்கச் சொல்லுவாங்க போலிருக்கு" என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் அதைப் போய்த் தலைமைத் தேர்வாளரிடம் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் தையல் கடை உதாரணத்துக்காக விதியை மாற்றுகிறவர் அவர் இல்லை.

காரியம் நடந்தது வேறு வழியில். அதற்கு நியாயத்தைவிடப் பற்றாக்குறைதான் காரணம்.

நான்காம் நிலைக்கு மாதிரியாக இருந்தது ஒரு பெண்ணின் பதிவு. அந்தப் பெண் இடையில் வக்கீலாகிவிட்டாள். தான் தட்டுத்தடுமாறிப் பேசியதை இனி ஊரே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். வக்கீல் என்பதால் நிலையமும் உடனே கேட்டது. அடுத்த வாரம் பயிற்சி ஆரம்பம். நான்குக்கு மாதிரி இல்லை. அவசரமாக மூத்த தேர்வாளர்கள் ஐந்து பேரை உட்காரவைத்தார்கள். இப்போதெல்லாம் புது மாதிரி எடுக்கும்போது முதலில் பேச்சை எழுத்தில்தான் பார்ப்பார்கள்; குரலும் பெயரும் பிறகு. சமீபத்துத் தேர்வுகளிலிருந்து ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்து பேரும் படித்தார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வழக்கமான சண்டை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், ஐந்து பேரும் நான்கு என்று எழுதியிருந்தார்கள்.

குரலைப் போட்டார்கள்.

ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமைத் தேர்வாளர் மேஜைமேல் முழங்கையை ஊன்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இது நம்ம மூணு ஆச்சே!"

"எழுத்துல நாலு போட்டது நீங்கதான்."

"எழுத்துல அவர்னு தெரியலையே."

"தெரிஞ்சிருந்தா?"

வேறொரு மாதிரியைத் தேட நாள் இல்லை. ஐந்து மூத்தவர்கள் முறைப்படி எழுதிய மதிப்பெண் என்பதால் அதையே தேர்வின் திருத்திய முடிவாகவும் கொடுக்கலாம் என்று விதியில் இடம் இருந்தது. இத்தனை நாள் கண்ணில் படாத இடம். ஒரே நிபந்தனை: புதுப் பதிவை நான்காம் நிலைக்கு மாதிரியாக வைத்துக்கொள்ள மெக்கானிக் சம்மதிக்க வேண்டும்.

"சம்மதிச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"நாலு கிடைக்கும். ஆனா அதுக்கப்புறம் எப்ப போனாலும் நாலுதான்."

"அஞ்சு வாங்கினா என்ன கிடைக்கும்?"

"அடுத்தவங்களுக்குப் பாடம் எடுக்கலாம்."

"அதை வீட்லயே எடுக்கறீங்க, யாரு கேக்கறா? நாலே போதும்."

சான்றிதழ் வாங்கப் போன அன்று நிலையத்துக் குமாஸ்தா, "கையெழுத்துக்கு உள்ள போயிருக்கு, உக்காருங்க" என்று நடைபாதை பெஞ்சைக் காட்டினார். எதிரே பயிற்சிக் கூடம்; பழைய தேர்வாளர்களின் காதைச் சரிபார்க்கிற நாள். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே மெக்கானிக்கின் குரல் பேசிக்கொண்டிருந்தது. தன் குரலை வெளியிலிருந்து கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கேட்கக் கேட்க, மனசுக்குள் ஒரு சந்தேகம். இந்த ஆள் நாலுதானா? கொஞ்சம் மூணு மாதிரி இல்லை?

பதிவு முடிந்தது. "மூணுன்னு நினைக்கறவங்க?" என்று தலைமைத் தேர்வாளர் கேட்டார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரிந்தது: கூடம் முழுக்கக் கை.

"குழுவோட முடிவு நாலு."

கைகள் இறங்கின. பிறகு முன்வரிசையில் ஒரு அம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஆமா... கவனிச்சுக் கேட்டா, நடுவுல அந்த நிறுத்தம் இருக்கே, அது திணறல் இல்ல. கேக்கறவங்களுக்கு விஷயம் போய்ச் சேரட்டும்னு நிறுத்தறார்."

"ரொம்பச் சரி" என்றது இன்னொரு குரல். "மூணாம் நிலைக்காரங்க அந்த இடத்துல நிறுத்தவே மாட்டாங்க. பயத்துல ஓடிடுவாங்க."

"அந்த அமைதியிலயே நாலு தெரியுது."

இப்படியே ஆளுக்கொரு காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கூடம் களை கட்டியது. நடைபாதையில் மெக்கானிக் குமாஸ்தாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தேர்வன்று அந்த இடத்தில் அவர் நிறுத்தியதும் தொண்டை வறண்டுதான்.

புது வருஷத்தில் நாற்காலி கிடைத்தது. மேலாளர் சான்றிதழில் நான்கு என்ற எண்ணை மட்டும் பார்த்து, ஃபைலில் செருகி, மூடினார். முழங்கால்களுக்கு நிம்மதி. மச்சான் வந்து, "நான் சொன்ன அடித்தொண்டைதான் மாமா கடைசில வேலை செஞ்சுது" என்று சொல்லி, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுப் போனான். மெக்கானிக்கும் மறுக்கவில்லை. ஜெயித்த பிறகு யார் யோசனை என்று பார்ப்பதில்லை.

சில மாதம் கழித்து மேலாளர் ஒரு வேலை கொடுத்தார். மெக்கானிக்குகளில் யார் நான்காம் நிலைத் தேர்வுக்குத் தயார் என்று மேற்பார்வையாளர் பேசிப் பார்த்துச் சொல்ல வேண்டும். தயார் என்றால் கம்பெனியே அனுப்பும். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் மாலை வகுப்பு. "உங்களைவிட இதுக்கு யார் இருக்கா? நிலையத்துக்கே நீங்கதான் அளவாமே!" என்றார்.

முதலில் வந்தது இவரோடு ஒன்றாக வேலையில் சேர்ந்தவர். எல்லாரும் அவரைக் குழிக்காரர் என்பார்கள். லிஃப்டுக்கு அடியில் குழி வேலை முழுக்க அவர்தான். இவருக்கு முழங்கால் என்றால் அவருக்கு இடுப்பு. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, இத்தனை நாள் ஒரே டப்பாவுல சாப்பிட்டோம், இப்ப நீங்க அந்தப் பக்கம்."

"சும்மா இருய்யா. ஆபீஸ் மொழியில உன்னைப் பத்தி நாலு வார்த்தை சொல்லு."

குழிக்காரர் தொண்டையைக் கனைத்தார். ஆபீஸ் மொழியில் வணக்கம் சொன்னார். தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவுதான். மெக்கானிக்கின் காதில் பளிச்சென்று மூன்று விழுந்தது. தயக்கமே இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதனால் என்று யாராவது கேட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து பத்துக் காரணம் சொல்லியிருப்பார்.

கையைத் தூக்கி நிறுத்தினார். "போதும். நாலு. தயார்னு எழுதிட்டேன். போய்ட்டு வா."

குழிக்காரர் எழுந்திருக்கவில்லை. சந்தேகத்தோடு பார்த்தார்.

"அண்ணே, நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே?"

"அதனாலதான் நாலு. நீ பேசினேன்னா நான் மூணு போட்டுடுவேன்."